கடவுள் வேறு, கடவுளின் பணி வேறு

(அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவை ஒட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



ஆகஸ்டு 15 நமக்கு இரட்டை விழா. காலையில் அன்னை மரியாவின் விண்ணேற்புத் திருப்பலி. அது முடிந்ததும் கோவில் முற்றத்திலோ பள்ளி மைதானத்திலோ தேசியக் கொடியேற்றம். பிள்ளைகள் கையில் மிட்டாய். ஒரே நாளில் விண்ணகத்தையும் நாட்டையும் சேர்த்து நினைக்கிற வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

விடுதலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1947ஐ நினைக்கிறோம். இன்று நான் உங்களை 1975ஆம் ஆண்டின் ஆகஸ்டு 15க்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இடம், வியட்நாம் நாட்டின் சைகோன் நகரம். அன்று பிற்பகல் அங்கே 47 வயது பேராயர் ஒருவரை அதிகாரிகள் ஒரு மாளிகைக்கு வரச்சொன்னார்கள். அந்த மாளிகையின் பெயர் சுதந்திர மாளிகை. அங்கே போனவர் தம் இல்லத்துக்குத் திரும்பவில்லை. அங்கியோடும், பையில் இருந்த ஒரு செபமாலையோடும் அவரைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். விண்ணேற்புப் பெருவிழா அன்று, சுதந்திர மாளிகையில், தம் சுதந்திரத்தை இழந்த அந்த மனிதர்தாம் பின்னாளில் கர்தினாலான பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான்.

அவருடைய திருமுழுக்குப் பெயரைக் கவனித்தீர்களா? 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து, மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டி மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தாரே, அதே புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயர். நமக்கு அவர் முழு அந்நியர் அல்லர்.

சோறும் உப்பும் சுமந்த குடும்பம்

வான் துவான் 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று நடு வியட்நாமின் ஹுவே நகரத்தில் பிறந்தார். வியட்நாமில் கத்தோலிக்க விசுவாசம் இரத்தம் சிந்தி வளர்ந்தது. நவம்பர் 24 அன்று நாம் திருப்பலியில் நினைவுகூரும் புனித அந்திரேயா தூங் லாக்கும் தோழர்களும் அந்த மண்ணின் மறைசாட்சிகள். அவர்கள் 117 பேர். வான் துவானின் முன்னோர்களும் அந்தத் துன்பக் காலங்களைக் கடந்தவர்கள்தாம். அவருடைய கொள்ளுத்தாத்தா பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, விசுவாசத்துக்காகச் சிறையில் கிடந்த தம் தந்தைக்குச் சிறிது சோறும் உப்பும் கொண்டுபோய்க் கொடுக்க நாள்தோறும் நெடுந்தூரம் நடப்பாராம். இதை வான் துவானே சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் பாட்டிமார் கதை சொல்வதுபோல, அவர் வீட்டில் இந்தக் கதைகளைச் சொல்லி வளர்த்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய தாயார், தென் வியட்நாமின் முதல் குடியரசுத் தலைவர் நோ தின் தியெமின் சகோதரி. அந்த ஆட்சியின்மீது, குறிப்பாகப் புத்த மதத்தினரை நடத்திய விதத்தில், கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்ததை வரலாறு அறியும். 1963 நவம்பரில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. தியெமும் அவருடைய தம்பியும் கொல்லப்பட்டார்கள். தாய்மாமன்களை இழந்து, கண்ணீரில் நின்ற தம் தாயைத் தேற்ற வேண்டிய நிலையில் இருந்தவர் இந்தக் குரு. மன்னிப்பைப் பற்றி அவர் பிறகு எழுதியதெல்லாம் புத்தகத்தில் படித்த பாடம் அல்ல.

1953இல் குருவானார். உரோமையில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1967இல், 39 வயதில், கடலோர மறைமாவட்டமான நாத்ராங்கின் ஆயரானார். எட்டு ஆண்டுகள் ஓடியாடி உழைத்தார். போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், அவருடைய காலத்தில் பெரிய குருமட மாணவர்கள் 42இலிருந்து 147ஆகப் பெருகினார்கள். பொதுநிலையினருக்குப் பயிற்சி, இளையோர் பணி, பங்குகள்தோறும் மேய்ப்புப்பணிச் சந்திப்பு என்று நாள்கள் போதவில்லை.

1975 ஏப்ரல் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைச் சைகோனுக்கு வாரிசுரிமைப் பேராயராக நியமித்தார். ஆறே நாளில், ஏப்ரல் 30 அன்று, சைகோன் வீழ்ந்தது. போர் முடிந்தது. புதிய அரசுக்கு அந்த நியமனமே சந்தேகத்துக்குரியதாக இருந்தது. வீழ்ந்த ஆட்சியாளரின் மருமகன், வத்திக்கான் அனுப்பிய ஆள், அந்நிய சக்திகளின் சூழ்ச்சி என்றார்கள். ஆகஸ்டு 15 அன்று கைது. அன்றிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

ஓர் இரவில் வந்த வெளிச்சம்

முதலில் அவரை ஒரு சிற்றூரில் காவலில் வைத்திருந்தார்கள். அங்கே அவர் சும்மா இருக்கவில்லை. புனித பவுல் சிறையிலிருந்து மடல்கள் எழுதினாரே, நாமும் எழுதினால் என்ன என்ற எண்ணம் வந்தது. காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, பழைய நாள்காட்டித் தாள்களை வாங்கித் தரும்படி அம்மாவிடம் சொல்லச் சொன்னார். நாம் கிழித்துப் போடுகிறோமே, அதே நாள்காட்டித் தாள்கள்தாம். இரவில் அவற்றின் பின்பக்கத்தில் தம் மக்களுக்கு எழுதினார். அந்தச் சிறுவனின் உடன்பிறப்புகள் அவற்றைப் படியெடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த சிறு சிந்தனைகள் 1001. அவைதாம் பின்பு பல மொழிகளில் ‘எதிர்நோக்கின் பாதை’ என்ற பொருள்படும் பெயரோடு நூலாக வந்தன.

1976இல் அவரைத் தனிச் சிறையில் அடைத்தார்கள். சன்னல் இல்லாத அறை. சில நாள் இரவும் பகலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சில நாள் முழு இருட்டு. வெக்கையும் ஈரமும் மூச்சை அடைக்கும். புத்தி பேதலித்துவிடுமோ என்று அஞ்சுகிற நிலை.

ஆனால், அன்பர்களே, அவரை அதிகமாக வாட்டியது அந்த அறை அல்ல. அவரே எழுதியிருக்கிறார். அவரைத் தூங்கவிடாமல் செய்தது அவருடைய மறைமாவட்டம். நான் தொடங்கிய வேலைகள் என்ன ஆகும்? அந்தக் குருமட மாணவர்கள் எங்கே போவார்கள்? கட்டியதெல்லாம் இடிந்துபோகுமே! வயது நாற்பத்தெட்டு. உழைக்கத் தெம்பு இருக்கிறது. அனுபவம் இருக்கிறது. கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. கடவுளுக்காகச் செய்ய நினைத்ததைக் கடவுளே தடுத்துவிட்டதுபோல இருந்தது.

அப்படி ஓர் இரவில், உள்ளத்தின் ஆழத்தில் ஒரு குரலைக் கேட்டதாக அவர் சொல்கிறார். ஏன் இப்படி உன்னையே வதைத்துக்கொள்கிறாய் என்று அது கேட்டது. கடவுளையும் கடவுளின் பணிகளையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது. மறைமாவட்டம், குருமடம், பள்ளிகள், இளையோர் மையங்கள் எல்லாம் மிக நல்லவை, கடவுளின் பணிகளே. ஆனால் அவை கடவுள் அல்ல. அவற்றை விட்டுவிடும்படி கடவுள் கேட்டால் உடனே விட்டுவிடு, அவரை நம்பு. உன்னைவிட எவ்வளவோ நன்றாக அவர் பார்த்துக்கொள்வார், வேறு ஆள்களிடம் ஒப்படைப்பார். நீ தெரிந்துகொண்டது கடவுளைத்தானே, அவருடைய வேலைகளை அல்லவே என்று அந்தக் குரல் அவருக்கு உணர்த்தியது.

அந்த இரவோடு மனத்தில் ஓர் அமைதி வந்தது என்கிறார். அறை அதே அறைதான். பூட்டு அதே பூட்டுதான்.

ஆபிரகாமின் மலை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சிந்திப்போம். இது திருவிவிலியத்தின் மையத்திலேயே இருக்கிற ஓர் உண்மை.

தொடக்கநூல் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமை நினைத்துப் பாருங்கள். கடவுள் கேட்டது ஆபிரகாமின் ஆட்டையோ மாட்டையோ அல்ல; ஈசாக்கை. ஈசாக்கு யார்? கடவுளே வாக்களித்து, கடவுளே தந்த பிள்ளை. விண்மீன்கள்போல் பெருகவிருந்த இனத்தின் ஒரே விதை. ஈசாக்கு கடவுளின் பணி. அந்தப் பணியைப் பிடித்துக்கொள்வதா, பணியைத் தந்தவரைப் பிடித்துக்கொள்வதா என்ற கேள்விதான் மோரியா மலையில் ஆபிரகாம் ஏறிய ஏற்றம். அவர் தந்தவரைத் தெரிந்துகொண்டார். ஈசாக்கு திரும்பக் கிடைத்தான்.

ஆனால் எல்லாருக்கும் ஈசாக்கு திரும்பக் கிடைப்பதில்லை. திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரத்தில் பேதுரு சிறையில் கிடக்கிறார். வானதூதர் வருகிறார், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. இந்தப் பகுதியை நாம் மகிழ்ச்சியோடு வாசிப்போம். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஏரோது யாக்கோபை வாளால் கொன்றான் என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கிறது. யாக்கோபுக்காகவும் திருஅவை செபிக்காமலா இருந்திருக்கும்? பேதுருவுக்குத் திறந்த கதவு யாக்கோபுக்குத் திறக்கவில்லை. இருவரையும் கடவுள் ஒரே அன்பால்தான் அன்புசெய்தார். திருமுழுக்கு யோவானும் சிறையிலிருந்து ஆளனுப்பி, வரவேண்டியவர் நீர்தாமா என்று இயேசுவைக் கேட்டார். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள் என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. சிறைக் கதவு மட்டும் திறக்கவில்லை.

ஆகவே, நம்பினால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நான் உங்களுக்குச் சொன்னால், அது பாதி நற்செய்திதான். கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் யாரும் பூட்ட முடியாத ஓர் இடம் நமக்குள் இருக்கிறது; அங்கே கடவுள் இருக்கிறார். இதுதான் முழு நற்செய்தி. கலாத்தியருக்கு எழுதிய மடலின் 5ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து நம்மை விடுவித்ததே நாம் உரிமை உள்ளவர்களாக வாழ்வதற்குத்தான் என்று பவுல் சொல்கிறாரே, அந்த விடுதலை இது. அவரும் பலமுறை சிறை கண்டவர்தாம்.

உள்ளங்கையே திருக்கிண்ணம்

அமைதி வந்த பிறகு வான் துவான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரா? அதுதான் இல்லை. விடுதலை வரும் வரும் என்று காத்திருந்து நாள்களை வீணாக்க மாட்டேன், இந்த நொடியை அன்பால் நிரப்புவேன் என்று தீர்மானித்தார்.

அவருடைய முதல் ஏக்கம் திருப்பலி. கைதான மறுநாள், அவசியமான பொருள்களைக் கேட்டு எழுத அனுமதித்தார்கள். உடையோடும் பற்பசையோடும், வயிற்றுவலிக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சை இரசம் அனுப்பச் சொல்லி எழுதினார். மக்களுக்குப் புரிந்துவிட்டது. சிறு புட்டியில் இரசத்தை ஊற்றி, வயிற்றுவலி மருந்து என்று சீட்டு ஒட்டினார்கள். அப்பத் துண்டுகளைக் கைவிளக்குக்குள் ஒளித்து வைத்தார்கள். உமக்கு வயிற்றுவலியா என்று காவலர் கேட்டார். ஆமாம் என்றார். இதோ உம் மருந்து என்று கொடுத்துவிட்டார்கள். அன்றுமுதல் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். உள்ளங்கையே திருக்கிண்ணம். நம் கோவிலில் பொன்முலாம் பூசிய பாத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் வருகிற அதே ஆண்டவர் அந்த உள்ளங்கையிலும் வந்தார்.

1976 டிசம்பரில் ஏறக்குறைய 1500 கைதிகளோடு அவரைக் கப்பலின் அடித்தளத்தில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். நம்பிக்கையிழந்த ஒருவர் கம்பியால் கழுத்தை இறுக்கிக்கொண்டு சாக முயன்றார். மற்றவர்கள் வான் துவானைக் கூப்பிட்டார்கள். அவர் அருகில் அமர்ந்து பேசிப் பேசி அந்த உயிரைக் காப்பாற்றினார். பல ஆண்டுகள் கழித்துக் கலிபோர்னியாவில் அதே மனிதர் வந்து, கழுத்தில் இருந்த தழும்பைக் காட்டி நன்றி சொன்னாராம். மறைமாவட்டத்தை இழந்துவிட்டோமே என்று தவித்தவருக்கு அந்தக் கப்பலில் புரிந்தது: இதோ, இவர்கள்தாம் இனி என் மந்தை, இந்த இருட்டுதான் என் பேராலயம்.

முகாமில் ஐம்பது ஐம்பது பேராகப் பிரித்திருந்தார்கள். எல்லாரும் ஒரே நீண்ட பலகையில் படுக்க வேண்டும். ஆளுக்கு அரை மீட்டர் இடம். கத்தோலிக்கர் ஐந்து பேர் அவருக்குப் பக்கத்தில் வரும்படி இடம் மாற்றிக்கொண்டார்கள். இரவு 9.30க்கு விளக்கு அணைந்ததும், குனிந்தபடியே மனப்பாடமாகத் திருப்பலி நிறைவேற்றினார். கொசுவலைக்கு அடியில் நற்கருணை கைமாறியது. சிகரெட் அட்டையின் தாளைப் பொதியாக மடித்து அதில் நற்கருணையைப் பாதுகாத்தார்கள். முறைவைத்துச் சட்டைப் பையில் ஆண்டவரைச் சுமந்தார்கள். இரவில் ஆராதனை செய்தார்கள். அதைக் கண்டு, விசுவாசத்தில் தளர்ந்திருந்தவர்கள் மீண்டும் எழுந்தார்கள். மற்றச் சமயத்தாரும் இயேசுவைப் பற்றிக் கேட்டார்கள்.

தனிச் சிறையில் இரண்டு காவலர்கள். தொடக்கத்தில் அவரோடு பேசவே மாட்டார்கள். அவரோ புன்னகைத்தார். தாம் பார்த்த நாடுகளைப் பற்றிச் சொன்னார். ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்றுக்கொடுத்தார். மேலதிகாரிகள் கவலைப்பட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காவலர்களை மாற்றினார்கள். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஏன் தெரியுமா? மாற்றிக்கொண்டே போனால் காவலர்கள் எல்லாரையும் இந்தப் பேராயர் கெடுத்துவிடுவாராம்! ஒரு காவலர் இலத்தீன் பாடல் ஒன்று கற்க ஆசைப்பட்டு, தூய ஆவியாரை அழைக்கும் ‘வேனி கிரயாத்தோர்’ பாடலைத் தேர்ந்துகொண்டார். தினமும் காலையில் உடற்பயிற்சிக்கு இறங்கும்போது அதைப் பாடிக்கொண்டே போவாராம். சிறைக்குள் பேராயர், வெளியே தூய ஆவியாரை அழைத்துப் பாடுகிற காவலர்! அந்த இடத்தில் யார் கைதி, யார் சுதந்திர மனிதர் என்று எப்படிச் சொல்வது?

மலை முகாமில் விறகு வெட்டும்போது, காவலர் கண்டும் காணாததுபோல் இருக்க, ஒரு மரத்துண்டைச் சிலுவையாகச் செதுக்கினார். சவர்க்காரக் கட்டிக்குள் அதை ஒளித்து வைத்தார். வேறொரு சிறையில், மின்கம்பித் துண்டு ஒன்றைக் கேட்டுப் பெற்று, அதை முறுக்கிச் சங்கிலி செய்தார். கர்தினாலான பிறகும் அந்தச் சிலுவையும் சங்கிலியும்தாம் அவர் மார்பில் இருந்தன.

அவர் எப்போதும் செபத்தில் மிதந்துகொண்டிருந்தார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். செபிக்கவே முடியாத நீண்ட நாள்கள் இருந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்போது சின்ன வயதில் கற்ற ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ செபத்தையும் ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தையும் பிடித்துக்கொண்டார். இறைவேண்டலைப் பற்றிச் சொல்லும்போது திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 2007ஆம் ஆண்டு எதிர்நோக்கைப் பற்றி எழுதிய ‘ஸ்பே சால்வி’ சுற்றுமடலில் இதைத்தான் எடுத்துக்காட்டினார். பிள்ளைகளுக்குச் சின்ன செபங்களைக் கற்றுக்கொடுக்கிற தாய்மாரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, நீங்கள் கொடுப்பது எந்த இருட்டறையில் எவருக்குக் கைவிளக்காகும் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்றைக்கே வேண்டும்

1988 நவம்பர் 21. மரியாவைக் காணிக்கையாக அர்ப்பணித்ததை நினைவுகூரும் நாள். வியட்நாமின் 117 மறைசாட்சிகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதர்களாக அறிவித்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. சாப்பாடு தயாரித்துக்கொண்டிருந்த வான் துவானை உள்துறை அமைச்சரிடம் அழைத்துப்போனார்கள். ஏதாவது விருப்பம் உண்டா என்று அமைச்சர் கேட்டார். விடுதலை வேண்டும் என்றார் இவர். எப்போது என்று கேட்டபோது, இன்றைக்கே என்றார். அமைச்சர் திகைத்துப்போனார். இவர் விளக்கினார்: நான் சிறையில் இருந்த காலத்தில் திருத்தந்தையர் மூன்று பேர் வந்துவிட்டார்கள், சோவியத் கட்சியின் பொதுச் செயலாளர்களும் பிரெஷ்னெவ், அந்திரோப்போவ், செர்னென்கோ, கோர்பச்சேவ் என்று நான்கு பேர் ஆகிவிட்டார்கள், இன்னும் எவ்வளவு காலம்? அமைச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார். விடுதலை கிடைத்தது. உள்ளே போனபோது வயது 47. வெளியே வந்தபோது 60.

இதில் நமக்கு முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. கடவுளை நம்பியவர் விடுதலை வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கே வேண்டும் என்று கேட்டார். கடவுள்மீது நம்பிக்கை வை, ஆகவே வாயை மூடிக்கொள் என்று துன்பப்படுகிறவரிடம் சொல்வது நற்செய்தி அல்ல. கணவனின் அடியைத் தாங்குகிற பெண்ணிடமும், கூலி கொடுக்கப்படாத தொழிலாளரிடமும், சாதியின் பேரால் ஒதுக்கப்படுகிறவரிடமும் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. வான் துவானையே திருஅவை பின்பு நீதி மற்றும் அமைதிக்கான திருப்பீட அவைக்குத் தலைவராக்கியது. நீதி மறுக்கப்படுவது என்ன என்பது உடலால் தெரிந்தவரிடம் நீதிப் பணி ஒப்படைக்கப்பட்டது.

நம் காலத்தில், நம் திருச்சி மாவட்டத்து மண்ணில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமியை நாம் மறக்க முடியாது. பழங்குடி மக்களுக்காக உழைத்த அவர், 2020 அக்டோபரில் 83ஆம் வயதில் கைதானார். கை நடுக்கத்தால் குவளையைப் பிடிக்க முடியாத முதியவர். வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, பிணை கேட்டுக் காத்திருந்த நிலையில், 2021 சூலை 5 அன்று மும்பையில் இறந்தார். கூண்டில் அடைபட்ட பறவையும் பாடத்தான் செய்யும் என்ற பொருளில் சிறையிலிருந்து எழுதினார். வான் துவானுக்குத் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. பேதுருவும் யாக்கோபும் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள்.

நம் கையில் இருக்கும் ஈசாக்கு

அன்பர்களே, விடுதலையான வான் துவானுக்குச் சைகோன் திரும்பக் கிடைத்ததா? இல்லை. முதலில் தலைநகர் ஹனோயில் கண்காணிப்பு. 1991இல் நாட்டைவிட்டு வெளியேறியவர் மீண்டும் திரும்பி வாழ முடியவில்லை. எந்த மறைமாவட்டத்துக்காக நியமிக்கப்பட்டாரோ அதை அவர் ஒருநாளும் பேராயராக வழிநடத்தவில்லை. 2000ஆம் யூபிலி ஆண்டின் தவக்காலத்தில் திருத்தந்தைக்கும் திருப்பீட அலுவலர்களுக்கும் தியானம் கொடுத்தார். 2001இல் கர்தினாலானார். 2002 செப்டம்பர் 16 அன்று உரோமையில் இறந்தார். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

ஆனால் அவர் விட்டுக்கொடுத்த பணியைக் கடவுள் கைவிட்டாரா? இன்று ஆசியாவில் குருக்களும் துறவியரும் நிறைந்த திருஅவைகளில் ஒன்று வியட்நாம் திருஅவை. யார் யாரையோ கொண்டு கடவுள் அதைச் செய்தார். அந்த இரவில் அவர் கேட்ட குரல் பொய்க்கவில்லை.

இப்போது நம்மிடம் வருவோம். முப்பது ஆண்டு பாடகர் குழுவை நடத்தியவரின் குரல் மங்கிவிட்டது; இளைஞர் ஒருவர் கீபோர்டோடு வந்துவிட்டார். அன்பியப் பொறுப்பில் இருந்தவர் அடுத்த தேர்தலில் விடுபட்டுப்போனார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய், அவர்கள் வெளிநாடு போனபின் நான்கு சுவருக்குள் தனியாக இருக்கிறார். வேலை பார்த்த கைகளைப் பக்கவாதம் முடக்கிவிட்டது. எங்களைப் போன்ற குருக்களுக்கும் இது உண்டு. கோவில் பாதி கட்டியிருக்கும்போது மாற்றல் கடிதம் வரும். பெட்டியைக் கட்டுகிற கை நடுங்கும். அப்போதெல்லாம் எழுகிற கேள்வி ஒன்றுதான்: நான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தது கடவுளையா, கடவுளுக்காக நான் செய்த வேலையையா?

இதை உடனே பதில் சொல்லிவிட முடியாது. ஆபிரகாமுக்கே மூன்று நாள் நடை தேவைப்பட்டது. ஆனால் இந்த வாரம் ஒன்று செய்யலாம். இரவு படுக்கும் முன் உங்களைத் தூங்கவிடாத ஒரு வேலையை, ஒரு பிள்ளையை, ஒரு பொறுப்பைப் பெயர் சொல்லிக் கடவுள் கையில் வையுங்கள். ஆண்டவரே, இது உம்முடையது, நீர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லுங்கள். காலையில் எழுந்து, உங்களால் முடிந்த அன்றைய கடமையை அன்போடு செய்யுங்கள். மூன்று சொட்டு இரசம்தான் கையில் இருக்கிறது என்றால் அந்த மூன்று சொட்டுப் போதும்.

இன்னொன்றும் செய்யலாம். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தீர்ப்பு வழங்கப்படாத விசாரணைக் கைதிகள். அவர்களுடைய குடும்பங்களும் நம் தெருக்களில்தாம் வாழ்கின்றன. சோறும் உப்பும் சுமந்து நடந்த அந்தச் சிறுவனைப் போல, சிறைப்பணிக் குழுவினரோடு சேர்ந்து நாமும் நடக்கலாம். சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்களா என்று கேட்கப்போகிறவர் ஆண்டவர்தாமே.

இன்று விண்ணேற்பு அடைந்த நம் தாயும் தம் மகனை, தமக்கென்று கடவுள் தந்த ஒரே கொடையை, கல்வாரியில் திருப்பிக் கொடுத்தவர்தாம். அவரைக் கடவுள் கைவிடவில்லை. உடலோடும் ஆன்மாவோடும் உயர்த்தினார்.

செபிப்போமாக: அன்புத் தந்தையே, நீர் தந்த பணிகளுக்காக நன்றி கூறுகிறோம். அவற்றைத் திருப்பிக் கேட்கும் நாளில் உம்மையே பற்றிக்கொள்ளும் வரம் தாரும். சிறையில் இருப்போருக்கும், நோயில் முடங்கியோருக்கும், ஒதுக்கப்பட்டோருக்கும் நீரே விடுதலையாக இரும். நீதிக்காகக் குரல் கொடுக்கும் துணிவை எங்களுக்கும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.